நான் மூடி வைத்த டேம்பர்

தம்பிகளே, முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நெல்லிக்குப்பத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு என் கை பேனாவைப் பிடித்ததைவிடத் தகரம் வெட்டும் கத்தரியைப் பிடித்ததுதான் அதிகம். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்றைக்கும் தகராறு. சந்தேகம் வந்த இடங்களில் மகளிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். கேட்காமல் விட்ட இடங்களில் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஏ.சி. வேலை பார்க்கும் நீங்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து, "ஆபரேஷன் தியேட்டர் வேலையில நீங்க கத்துக்கிட்டத எங்களுக்குச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டீர்கள். நான் டீ கொடுத்து, வெயிலைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டேன். நாலு பேர் முன்னால் உட்கார்ந்து பேச எனக்கு எப்போதுமே வராது.  அந்தக் கூச்சத்தால் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன் என்பதால் இதை எழுதித்தான் தரவேண்டும்.

தகரம் மடிப்பது, இணைப்பை அடைப்பது, ஃபில்டர் மாட்டுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்களிடம் மீட்டர் இருக்கிறது. எங்களிடம் ஊதுபத்திதான் இருந்தது. கதவிடுக்கில் பற்றவைத்துப் பிடித்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்போம். ஆனால் அடிப்படை ஒன்றுதான், தெரிந்ததே என்றாலும் எழுதிவிடுகிறேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் இறங்கும் சுத்தமான காற்று, வெளியேறும் காற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவைத் திறந்தாலும் காற்று உள்ளேயிருந்து வெளியே தள்ளும். வராந்தாவின் தூசியும் கிருமியும் உள்ளே வராது. அந்தக் கூடுதல் காற்று, மொட்டை மாடியில் வெளிக்காற்றை இழுக்கும் ஒரு வாய் வழியாக வருகிறது. அந்த வாய்க்குள் இருக்கும் தகரக் கதவுதான் டேம்பர். அதை மூடினாலும் ஏ.சி. ஓடும், அறை குளிரும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பக்கத்தில் இருக்கும், கருவிகளைக் கழுவும் அறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து வருவது நின்று, வெளியே போவது மட்டும் நடந்தால் தியேட்டர் வராந்தாக் காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும்.

சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மா புதிதாக ஆஸ்பத்திரி கட்டினார். மூன்றாம் மாடியில் தியேட்டர். காண்டிராக்டர் என் தங்கையைக் கட்டியவர். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். வரைபடத்தைக் காட்டி எல்லோரும் பேசியபோது நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். தியேட்டர், கை கழுவும் இடம், கழுவும் அறை, லிஃப்ட் என்று எல்லாமே குறித்திருந்தார்கள். மேலே மொட்டை மாடி மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம். வெளிக்காற்று வாய் அதன் நடுவில் ஒரு சின்னக் கட்டம். வரைபடத்தில் மொட்டை மாடி காலியாகத்தான் இருக்கும். நம் ஊரில் எந்த மொட்டை மாடி காலியாக இருந்திருக்கிறது? வற்றல் காயும், துணி காயும், சாமியானா போடுவார்கள், அடுப்பு வைப்பார்கள். இது அன்றைக்கு என் புத்திக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் நான் வாயைத் திறந்திருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியாது.

திறப்பு விழா தை மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். தெருவில் பந்தல் போட்டுச் சாப்பாட்டுக்கு மேசை நாற்காலி போட்டதில் ஹோமத்துக்கு இடமில்லாமல் போனது. கோ பூஜைக்கு வந்த பசு லிஃப்டைப் பார்த்து மிரண்டு நின்றுகொண்டது. "அதுக்கு இருக்கிற புத்தி நமக்கு இல்ல" என்று சமையல்காரர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பசுவைக் கீழேயே நிறுத்திப் பூஜை செய்துவிட்டு, ஹோமகுண்டத்தை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார்கள். குண்டம் இருந்த இடம் நம் வெளிக்காற்று வாயிலிருந்து பத்தடி.

மச்சான் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மச்சான், அந்தப் புகை உள்ள போனா ஃபில்டர் கருத்துப் போயிடும். புதுசு. எதுனா பண்ணு."

"டேம்பர மூடிடட்டா?"

"மூடிடு. நாளன்னிக்கித்தான மொத ஆபரேஷன். நாளைக்கி வந்து தெறந்துக்கலாம்."

மூடினேன். பிடியை இறக்கி, திருகை இறுக்கினேன். அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. விழா நாளில் எல்லோரும் பட்டு வேட்டியோடு திரிய, ஃபில்டரை நினைத்தவன் நான் ஒருவன்தானே என்று நினைத்தேன். கழுவும் அறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவேண்டும் என்று தோன்றவில்லை. ஆபரேஷன் இல்லாத நாளில் அது ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன?

பிறகு கீழே பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் என் வயதில் பாதிகூட ஆகாத ஒருவர். யாரோ வற்புறுத்தி உட்கார வைத்திருக்கிறார்கள். இலையில் கையே வைக்கவில்லை. குமராட்சிப் பக்கம், டிராக்டர் ஓட்டுகிறவர்.

"சாப்புடுங்க, ஆறிப்போவுது" என்றேன்.

"எறங்கலண்ணே. சம்சாரத்த மேல அழைச்சிக்கினு போயிருக்காங்க. சிசேரியன்."

"இன்னிக்கா? நாளன்னிக்கின்னு சொன்னாங்களே?"

"நாளன்னிக்கி அஷ்டமிண்ணே. நாந்தான் டாக்டரம்மாகிட்ட போயி நின்னேன். இன்னிக்கி நல்ல நாளு, நீங்களே தெறப்பு விழா வச்சிருக்கீங்க, எங்க புள்ளையும் இன்னிக்கே பொறக்கட்டும்மான்னேன். அவுங்களும் யோசிச்சிட்டு, புது தியேட்டருக்கு மொத கொழந்த, நல்லதுதான்னுட்டாங்க. பத்தரைக்கு மேல, பன்னெண்டுக்குள்ள."

மணி பத்து நாற்பது.

நான் இலையை மூடாமல் எழுந்தேன். லிஃப்டில் கூட்டம், படியேறினேன். மூன்றாம் மாடி வராந்தா முழுக்க விருந்தாளிகள். மேலே ஹோமத்தைப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள், புது தியேட்டர் எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்க நின்றுவிட்டார்கள். செருப்புக் கால்கள், மாலை உதிர்த்த பூ, ஒரு குழந்தை சிந்திய ரோஸ்மில்க். இதைத் தாண்டக் கூடாது என்று தரையில் சிவப்புக் கோடு போட்டிருந்தோமே, அந்தக் கோட்டின்மேலேயே நின்றுகொண்டிருந்தார்கள். ஐயரோடு வந்தவர் சாம்பிராணித் தட்டோடு ஒவ்வொரு அறைக்கும் புகை காட்டிக்கொண்டு வந்தார். தியேட்டர் வாசலில் அவரை உள்ளே விடவில்லை என்பதால் வெளியே நின்று கதவுக்குக் காட்டினார்.

புகை நேராக மேலே எழும்பி, திடீரென்று யாரோ பிடித்து இழுத்ததுபோல வளைந்தது. கதவின் அடியிடுக்கில் நுழைந்து உள்ளே போனது. நூல் பிடித்தாற்போல் போய்க்கொண்டே இருந்தது.

அவ்வளவு பேர் நின்ற வராந்தாவில் அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

படிக்கட்டில் மச்சானைப் பிடித்தேன்.

"மச்சான், தியேட்டர் உள்ளாற இழுக்குது. இன்னிக்கே கேஸ் வச்சிட்டாங்க. டேம்பர தெறக்கணும்."

அவர் முகம் வெளுத்தது. மேலே பார்த்தார். "ஹோமம் இன்னும் முடியல. இப்ப தெறந்தா அம்புட்டுப் புகையும் உள்ள போவும்."

"அப்ப ஆபரேஷன நிறுத்தச் சொல்லணும்."

"யாரு சொல்றது, நீ சொல்றியா? போயி சொல்லு பாப்போம். மந்திரி வீட்டுக் கல்யாணம் மாதிரி நிக்கிறாங்க. எங்க காத்து சரியில்லன்னு நம்ம வாயாலயே சொன்னா அதோட முடிஞ்சிது. முக்கா மணி நேர வேல மச்சான். ஒண்ணும் ஆவாது. போ."

நான் போனேன். ஆனால் கீழே போகவில்லை. சிவப்புக் கோடு வரைக்கும் போனேன். தியேட்டர் சிஸ்டர் கதவைப் பாதி திறந்து, கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், ரொம்பக் கண்டிப்பு. அவருக்குப் பின்னால், கழுவிய கைகளை உயர்த்திப் பிடித்தபடி டாக்டரம்மா நின்றார். மேசையில் அந்தப் பெண். ஒரு கை மட்டும் தெரிந்தது. கை நிறைய மருதாணி.

"என்னண்ணே?" என்றார் சிஸ்டர்.

இரண்டு வழி இருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். "ஆரம்பிக்காதீங்க சிஸ்டர்" என்று இரண்டே சொல்லில் சொல்லியிருக்கலாம். அதற்குத் தைரியம் இல்லையென்றால் கழுவும் அறையில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனையாவது அணைக்கச் சொல்லியிருக்கலாம். ஒரு சுவிட்ச். இழுப்பாவது நின்றிருக்கும். அந்த நேரத்தில் அது நினைவுக்கே வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரிந்தது. சட்டையில் ரசம் சிந்தியிருந்தது. அதைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். ஏ.சி. குளிருதான்னு பாக்க வந்தேன்."

"ஜாஸ்தியாவே குளிருதுண்ணே. நல்லா இருக்குது."

கதவு மூடியது.

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் அழுகை கேட்டது. பெண் குழந்தை. வராந்தாவில் கை தட்டினார்கள். கற்கண்டுத் தட்டு என்னிடமும் வந்தது. எடுத்துக்கொண்டேன். மதியம் குண்டம் அணைந்ததும் மேலே போய் டேம்பரைத் திறந்தேன். ஊதுபத்தி பற்றவைத்துக் கதவிடுக்கில் பிடித்தேன். புகை வெளிப்பக்கம் சாய்ந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து, ஏ.சி.யில் ஒரு சத்தம் வருகிறது என்று கூப்பிட்டார்கள். போனபோது சிஸ்டரின் முகம் சரியில்லை. அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து, தையல் பிரிந்து, சீழ் பிடித்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதற்கடுத்த வாரம் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. கருவிகளைச் சோதித்தார்கள், தியேட்டரைக் கழுவினார்கள், மருந்துகளை மாற்றினார்கள். குறிப்பாக எதுவும் கிடைக்கவில்லை. என்னையும் மறுபடி கூப்பிட்டார்கள்; மேசை விளக்குக்கு மேலே காற்று இறங்கும் சல்லடையை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது சிஸ்டர் வந்து ஏணிக்குக் கீழே நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கி ஆபரேஷனப்ப என் கணுக்கால்ல சில்லுனு காத்து பட்டுது. கதவுப் பக்கத்துலேருந்து. அன்னிக்கி காத்து உள்ள வந்துச்சா?"

"இல்ல சிஸ்டர்" என்றேன். ஏணியிலிருந்து இறங்காமலேயே சொன்னேன்.

தம்பிகளே, புண் சீழ் பிடிக்க நூறு காரணம் இருக்கும். அந்தக் காற்றால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அந்தக் காற்றால் இல்லை என்று சொல்லவும் யாராலும் முடியாது. ஏனென்றால் அப்படி ஒரு காற்று வந்ததே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த இருவரில், அவர்கள் கேட்ட ஒரே ஆள் இல்லை என்று சொல்லிவிட்டான். நோய் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் தேடிய இடங்களிலெல்லாம் ஒரு இடம் மட்டும் தேடப்படாமல் கிடந்தது. நான் அங்கே நின்று மறைத்துக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து நான் குமராட்சிப் பக்கம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மினி பஸ்ஸில் போகும்போது என்ன சொல்வது என்று வார்த்தை வார்த்தையாகக் கோத்து வைத்திருந்தேன். அவர் டிராக்டருக்கு அடியில் படுத்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். பந்தியில் பார்த்த ஆளா என்று சந்தேகம் வந்தது, அவ்வளவு இளைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"எங்கண்ணே இந்தப் பக்கம்?"

"ஒரு வேலையா வந்தேன்."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குழந்தையை அவருடைய அம்மா வைத்திருந்தார். பேச்சு தானாக அங்கே போனது.

"அவ அண்ணன் தம்பிங்க என்கிட்ட பேசறதில்லண்ணே. கருமாதி அன்னிக்கி அவ அண்ணன் எல்லார் எதிர்லயும் கேட்டான், 'நாளு பாத்து என் தங்கச்சிய அனுப்புனியே, நல்லா இருக்குதா ஒன் நாளு'ன்னு. நான் என்னா பதில் சொல்றது? நாந்தான போயி நின்னேன். ரெண்டு நாளு பொறுத்திருந்தா அவ உசுரோட இருந்திருப்பா. அஷ்டமி என்னா பண்ணியிருக்கும்?"

இரண்டு நாள் பொறுத்திருந்தால் டேம்பர் திறந்திருக்கும். அவர் சொன்னது அவருக்கே தெரியாமல் உண்மை. ஆனால் குற்றத்தை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்ச் சொம்பைத் திரும்பக் கொடுத்தேன். "அதெல்லாம் மனசுல வச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். கோத்து வைத்த வார்த்தைகளில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் கடலூரில் ஒரு ஆஸ்பத்திரி புது தியேட்டர் கட்டத் திட்டம் போட்டது. அந்த சிஸ்டர் அப்போது அங்கே வேலைக்கு வந்திருந்தார். காற்று வேலைக்கு என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். வரைபடத்தை மேசையில் விரித்து டாக்டர், என்ஜினியர், சிஸ்டர், என் மச்சான் எல்லோரும் உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். முதல்முறையாக.

மேலே அதே வெள்ளைச் சதுரம். நடுவில் அதே சின்னக் கட்டம்.

"எல்லாம் ஓகேதான?" என்று டாக்டர் சுற்றிலும் பார்த்தார். சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "அண்ணே சொல்லட்டும். அவுங்களுக்குத்தான் காத்து தெரியும்" என்றார்.

அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.  வெளிக்காற்று வாய் மொட்டை மாடியில் வேண்டாம், யாரும் அடுப்போ ஹோமமோ வைக்க முடியாத பக்கச் சுவருக்குக் கொண்டுபோங்கள் என்றேன். டேம்பரை மூடினால் எக்ஸாஸ்ட் தானாக நின்றுவிட வேண்டும் என்றேன். தியேட்டர் கதவுக்கு மேலே, சிஸ்டர் நிற்கும் இடத்தில், காற்று உள்ளே இழுத்தால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். சிவப்பு எரிந்தால் கத்தி எடுக்கக் கூடாது என்றேன். திறப்பு விழாவுக்கு அப்புறம் மூன்று நாள் கேஸ் எடுக்கக் கூடாது என்றேன்.

"இவ்வளவு எதுக்குங்க?" என்றார் என்ஜினியர்.

மச்சான் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் சொன்னேன். சிதம்பரத்தில் டேம்பரை மூடியது, சாம்பிராணிப் புகை வளைந்தது, வாசல் வரை போய்விட்டுக் குளிருகிறதா என்று கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன்.

 சிஸ்டர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அன்னிக்கே கேட்டேனேண்ணே" என்றார். "நான் கேட்டேன்ல?"

நான் சொன்ன மாற்றங்களை எல்லாம் வரைபடத்தில் சேர்த்தார்கள். அந்தத் தியேட்டர் இன்று நன்றாக ஓடுகிறது. அதைக் கட்டும் வேலை மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. என் மச்சானுக்கும் கிடைக்கவில்லை. வெளியே வந்ததும் அவர் பைக்கில் ஏறாமல் கொஞ்ச நேரம் நின்றார். "வாயால சொன்னது காத்தோட போவட்டும். எழுத்துல மட்டும் எங்கியும் வச்சிடாத. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை எந்த வேலைக்கும் கூப்பிடவில்லை. மற்றவர்களும் கூப்பிடவில்லை. நான் ஓய்வு பெற்றதாக நீங்கள் சொல்லிக்கொள்கிறீர்கள். உண்மையில் எனக்கு வேலை வருவது நின்றுபோனது, அவ்வளவுதான். மச்சானை நான் குறை சொல்லவில்லை. மூடச் சொன்னது அவராக இருக்கலாம். வாசல் வரை போனது நான்.

நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள். ஆனாலும் ஒரு நாள் அப்படி ஒரு வாசலில் நிற்பீர்கள். உள்ளே பெரியவர்கள் கை கழுவி நிற்பார்கள். உங்கள் சட்டையில் கறை இருக்கும். தப்பாகச் சொல்லிவிட்டால் சிரிப்பார்களே என்று இருக்கும். சொல்லுங்கள். ஆபரேஷன் அரை நாள் தள்ளிப்போகும், உங்களை நாலு பேர் திட்டுவார்கள். அதோடு போகும். மேசையில் படுத்திருக்கிறவருக்குத் தன்மேல் என்ன காற்று படுகிறது என்று கேட்கத் தெரியாது.

டாக்டரிடமும் சிஸ்டரிடமும் சொல்லிவிட்டேன், உங்களிடம் சொல்கிறேன். சொல்ல வேண்டிய ஆளிடம் இன்னும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காததால் ஒருவர் இத்தனை காலமாகத் தான் கேட்ட நல்ல நேரத்தைத் தானே சபித்துக்கொண்டு டிராக்டர் ஓட்டுகிறார். நேரில் போனால் மறுபடியும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மச்சான் வேண்டாம் என்றதைச் செய்கிறேன். நாளைக் காலை இந்தக் காகிதங்களைக் குமராட்சிக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன். அவர் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன். அவர் அடித்தாலும் நிற்பேன். அவருடைய மச்சான்களிடம் காட்ட வேண்டுமென்றால் காட்டட்டும், போலீஸுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் கொடுக்கட்டும். உங்களுக்குக் கொடுக்கலாமா என்று கடைசியில் கேட்பேன்.

இது உங்கள் கைக்கு வந்திருந்தால், அவர் சரி என்று சொல்லிவிட்டார்.

கடலூர்,
9 பிப்ரவரி 2025, ஞாயிற்றுக்கிழமை.